பவானி ஆஸ்பத்திரிக்கு நான் போட்ட பூட்டு

என் அன்பு அக்கா,

நீ கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. இன்றுதான் உனக்கு எழுதத் தைரியம் வந்தது.

பவானி ஆஸ்பத்திரிக்கு நீ எழுதிய ரத்தக் கொடையாளர் புரோகிராம் நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் திரையில் தமிழ் வரவேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாய். அதற்கு நான் ஒரு பூட்டு வைத்தேன். வருடம் முடிந்தால் நின்றுவிடும். நாம் தரும் ரகசிய எழுத்துகளை அடித்தால்தான் மறுபடி ஓடும்.

"இல்லீனா பிளாப்பியில காப்பி எடுத்து ஊரெல்லாம் குடுத்துப்போடுவாங்கக்கா" என்றேன்.

"குடுத்தா குடுக்கட்டும் கண்ணு. ஆஸ்பத்திரிய யாராச்சும் பூட்டுவாங்களா?" என்றாய். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வருடா வருடம் தேதி பார்த்து எழுத்துகளை அனுப்பியது நீதான். இந்த முறை நான் மறந்துவிட்டேன்.

முந்தாநாள் காலை அங்கிருந்து ஒரு நர்ஸ் நம் துடியலூர் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தார். பிரசவித்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். பட்டியலைத் திறந்தால் திரை நின்றுவிட்டது.

"ஏனுங்க, கீ போடச் சொல்லுதுங்க. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிச் சாவி எங்ககிட்ட இல்லீங்களே!"

கீ கேட்கும் அந்த வரி மட்டும்தான் உன் தமிழுக்கு நடுவே நான் ஆங்கிலத்தில் எழுதியது. அதை நம்பிச் சாவி தேடியே கால் மணி நேரம் போயிருந்தது.

"சாவி இல்லீங்க, எழுத்துங்க. சொல்லச் சொல்ல அடிங்க."

முதல் முறை தவறு. இரண்டாம் முறையும் தவறு. மூன்றாவதும் தவறினால் முழுதாக மூடிக்கொள்ளும். அப்படி வைத்தவனும் நான்தான்.

"ஓன்னு சொன்னீங்களே, அது சைபருங்களா?" என்றார் அவர்.

"சைபர் இல்லீங்க. ஏ, பி, சி, டி-யில வர்ற ஓ-ங்க."

விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"தமிழ் வந்திருச்சுங்க! பேரு வந்திருச்சுங்க!" ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

பட்டியலில் இருந்த ஒருவர் ஜமக்காளத் தறியிலிருந்து எழுந்து சைக்கிளில் வந்து ரத்தம் கொடுத்தாராம். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். பிழைக்காமல் போயிருந்தால்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை அக்கா.

இன்று நேரில் போய்ப் பூட்டை எடுத்துவிட்டேன். "அடுத்த வருசமும் கேக்குங்களா?" என்றார் அந்த நர்ஸ். "எப்பவும் கேக்காதுங்க" என்றேன்.

மில்களுக்கு நாம் எழுதிக் கொடுத்த கணக்குப் புரோகிராம்களில் போட்ட பூட்டை மட்டும் எடுக்கமாட்டேன். அதில் உனக்கும் எனக்கும் சண்டை தீரவில்லை. ஆனால் ஆனைமலை ஆஸ்பத்திரியில் இன்னும் ஒன்று இருக்கிறது. நாளைக்கு முதல் பஸ்ஸில் போய் அதையும் எடுத்துவிடுகிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு சண்டை போட இன்னும் ஆசைப்படும்,
உன் தம்பி