பூனை விழாத கிணறு

4-5-1982, செவ்வாய்

என் கிணற்றில் பூனை விழுந்துவிட்டது என்று புரளி கிளப்பியது நானேதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் தண்ணீரில் ஒரு மாதிரி மண்வாடை அடித்தது. "இதென்ன மதினி, இப்படி நாறுது?" என்று எதிர்வீட்டுப் பேச்சி கேட்டாள். "ஒரு கடுவன் பூனை குளிக்க எறங்குச்சுட்டி, இன்னும் கரையேறல" என்றேன். நான் மட்டும்தான் சிரித்தேன். அவள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து ஒருத்தியும் தண்ணீருக்கு வரவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, சாயங்காலம் நாலு பெண்கள் குடத்தோடு வந்து நின்று பேசுவதுதான் இந்த வீட்டில் கேட்கிற பேச்சு. ஐந்து நாளாக அதுவும் இல்லை. வானொலியோடு நானே பேசிக்கொள்கிறேன்.

இன்று சுகாதார ஆபீஸ்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். "பூனையும் இல்ல, யானையும் இல்லம்மா. வெயிலுக்குப் பாசி பிடிச்சிருக்கு, அந்த வாடைதான். அள்ளிப் போட்டுட்டு பிளீச்சிங் பவுடர் போடுங்க" என்றார்.

ஓடிப்போய்ப் பேச்சியிடம் சொன்னேன். "அன்னைக்குப் பூனைன்னீய, இன்னைக்குப் பாசிங்கீய. நீங்க சொல்லுததுல எதை மதினி நம்ப?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"வெறும் பாசிதாம்ட்டி, இங்க பாரு" என்று ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய், அவள் வாசலில் நின்று ஒரே மூச்சில் குடித்தேன். தெருவே பார்த்தது. பிறகு அவள் காயப்போட்டிருந்த மோர்மிளகாயின் மேல் வாந்தி எடுத்தேன்.