பதினோரு பேரும் 'மிக நன்று' போட்ட வகுப்பு

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து மழை. அலமாரிக்குப் பக்கத்தில் மறுபடி ஒழுகல். வாளி வைத்தாயிற்று.

நூலகத்தில் இன்று என் முதல் வகுப்பு: 'நம்பகமான தகவலைத் தேடுவது எப்படி'. புக்கிட் ரோத்தான் சுற்றுவட்டாரப் பெண்கள் பதினோரு பேர். பாதிப் பேர் தோட்டம், பாதிப் பேர் தொழிற்சாலை. திரையில் நாற்பத்திரண்டு பக்கம் காட்டினேன். ஒன்றரை மணி நேரம் நானே பேசினேன். ஒருவர் தூங்கினார், நாகரிகமாக, நிமிர்ந்தபடி.

கருத்துப் படிவத்தில் பதினோரு பேரும் 'மிக நன்று'. மேலதிகாரிக்கு உடனே அனுப்பிவிட்டேன்.

நாற்காலி அடுக்கும்போது ஒருவரிடம் சும்மா கேட்டேன், இன்றைக்கு எது மனதில் நின்றது என்று. ரொம்ப யோசித்தார். "கறிபாப் நல்லா இருந்துச்சு மிஸ்."

இடைவேளைக்கு அந்தக் கறிபாப் பலகாரம் வாங்கியது என் உதவியாளர் ரோஹானி. சாயங்காலம்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

வெயில். அடையாளக் கார்டு நகலெடுக்கப் புஷ்பம் வந்தார். சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கொய்யா இலை பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்.

எதற்கு என்றால், சர்க்கரைக்கு. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், இலைக் கஷாயம் போதும் என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு ஒரு டாக்டர் சொல்கிறாராம். அண்ணி அனுப்பியது. மாத்திரையை நிறுத்திப் பத்து நாள்.

இன்றைக்கே க்ளினிக் போங்கள் என்றேன்.

"நீங்க டாக்டர் இல்லையே மிஸ். அதுல டாக்டரே சொல்றாரு."

நியாயம்தான். நாற்பத்திரண்டு பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. க்ளினிக்குக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், லைன் பிஸி. அப்புறம் பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

சரியான தூக்கம் இல்லை. பழைய வகுப்பு குப்பைக்கு. புதிது:

- சனிக்கிழமைவரை தள்ளக்கூடாது. நாளை மாலையே.
- ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு காரியம்.
- அவர்கள் போன், அவர்கள் விரல். என் கணினி வேண்டாம்.
- டைப் பண்ண வராதவர்கள் பேசித் தேடலாம். காட்ட வேண்டும்.
- நான் பேசுவது பத்து நிமிடம். (ரோஹானி நம்பவில்லை. கடிகாரத்தோடு உட்காரப் போகிறாளாம்.)
- படிவம் கிடையாது. ஒரு வாரம் கழித்துத் தாங்களாகவே விசாரிக்கிறார்களா, அதுதான் மதிப்பெண்.

எல்லாருக்கும் போன். ஏழு பேர் வருவார்கள். புஷ்பத்துக்கு (இனி பு.) வந்த செய்தியையே பாடமாக வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். வைக்கலாம், அண்ணி பெயர் மட்டும் வரக்கூடாது என்றார்.

ஜூலை 9, புதன்

வேலை முடிந்த களைப்போடு ஏழு பேரும் வந்துவிட்டார்கள். பலகையில் மூன்றே கேள்வி. யார் சொன்னது? எப்போது? வேறு யார் சொல்கிறார்கள்? படத்தை வைத்துத் தேடுவதையும் காட்டினேன். பதினோரு நிமிடம். ரோஹானி இருமினாள். நிறுத்திக்கொண்டேன்.

பிறகு சந்தைக்கடைச் சத்தம். ஆளுக்கொரு போனில் அந்த டாக்டரைத் தேடினார்கள். முதலில் கண்டுபிடித்தது பு.தான்.

"இதே மூஞ்சி, இங்க இதய டாக்டர்ங்கறான். இங்க வேற பேரு, பல் டாக்டர். இதுல சாம்பார் தூள் விக்கிறாரு லா."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பு.வும்தான். அப்புறம் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "பன்னெண்டு நாளா இந்தாளு பேச்சக் கேட்டிருக்கேன்."

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா, காலையில் என் மோட்டார் சைக்கிளில் ஏறுங்கள், க்ளினிக்கில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகிறேன் என்றார்.

ஜூலை 10, வியாழன்

க்ளினிக்கில் பார்த்தால் பு.வுக்குச் சர்க்கரை ரொம்ப ஏறியிருந்ததாம். டாக்டர் நன்றாகத் திட்டினாராம், நிஜ டாக்டர். மாத்திரை மறுபடி ஆரம்பம். இதைச் சொல்லவே நேராக நூலகத்துக்கு வந்தார்.

அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். மூத்தவர், மனம் கோணக்கூடாது. பிறகு பு.வே, என் மேசை முன்னால் நின்றபடி, குரல் செய்தி அனுப்பினார். "அண்ணி, அந்த டாக்டர் படம் சாம்பார் தூள் விளம்பரத்துலயும் இருக்கு. நீங்க மாத்திரைய விடலையே?"

பதில் வரும்வரை முக்கால் மணி நேரம் பு. எல்லாப் பத்திரிகையையும் புரட்டினார், எதையும் படிக்கவில்லை.

வந்தது: "நானும் விட்டுட்டேன்மா."

அண்ணியை அழைத்துக்கொண்டு மறுபடி க்ளினிக். வெளியில் நல்ல மழை. என் குடையைக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 16, புதன்

நாளை தண்ணீர் வராது என்று ஒரு அறிவிப்பு வந்தது. வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்துவிட்டு, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் ஸ்டெல்லா: "எப்ப போட்டது மிஸ்? தேதி போன வருஷம்னு இருக்கே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சந்தோஷம். இதைவிட நல்ல பரீட்சை நானே வைத்திருக்க முடியாது. வீட்டில் இப்போது மீன் சட்டியில்கூடத் தண்ணீர்.

ஜூலை 18, வெள்ளி

நாளை சுங்கை செம்பிலாங் மீனவர் கிராமத்தில் வகுப்பு. மீன் காயவைக்கும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். பு.வும் அண்ணியும் தங்கள் கதையை அவர்களே சொல்லப் போகிறார்கள். மேலதிகாரி திரைப் பக்கங்களைக் கேட்டார். இல்லை என்றேன்.

எடுத்துவைக்க: மார்க்கர், போன் சார்ஜர் நான்கு, நீள வயர்.

இப்போதுதான் பு. போன் பண்ணினார், எவ்வளவு நேரம் பேசலாம் என்று. ஐந்து நிமிடம் என்றேன்.

"அஞ்சு பத்தாது மிஸ். நீங்க உங்களுது கொறச்சுக்குங்க."