இருபத்து நாலு புள்ளி ஆறு

2 பிப்ரவரி 1999, செவ்வாய்

இன்று கெமிஸ்ட்ரி லேப் ஆரம்பம். பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடி பியூரெட்டை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் முழித்தார்கள். நான் பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. ஆனால் இங்கே மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போட அந்தப் பட்டம் மட்டும் போதாதாம். கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் எல்லாவற்றையும் ஓர் அமெரிக்கக் கல்லூரியில் திரும்பவும் படித்து மார்க் காட்ட வேண்டுமாம். முதலில் கேட்டபோது கோபம் வந்தது. ஊரில் அரை மார்க்கில் போன எம்.பி.பி.எஸ். சீட் சான் ஹோசேயில் கிடைக்குமென்றால் அரிச்சுவடியிலிருந்துகூடப் படிக்கலாம் என்று அப்புறம் தோன்றிவிட்டது. நவம்பரில் கிரீன் கார்டு வந்த அன்றே சைலஸ் அத்தானிடம் சொல்லிவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் கேட்ட ஒரே பெரிய காரியம் இதுதான்.

பேராசிரியை பெயர் மிஸஸ் டோரன். ஒரு சட்டம் போட்டார். அளவை எடுத்த கையோடு நேராக நோட்டில் மையால் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது.

பார்க்க அசிங்கமாக இருக்காதா? என் பழைய ரெக்கார்டு நோட்டை வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

9 பிப்ரவரி

கை துடைக்கிற பேப்பர் டவலில் ரஃப்பாக எழுதிக்கொண்டேன். கடைசியில் உட்கார்ந்து நோட்டில் ஃபேராக எழுதினேன், அடிக்கோடு போட்டு. அந்தச் சட்டமெல்லாம் கவனமில்லாத பிள்ளைகளுக்காகப் போட்டது.

23 பிப்ரவரி

முதல் தேர்வில் வகுப்பிலேயே அதிக மார்க். "டாக்டரம்மா, காப்பி கிடைக்குமா?" என்றார் அத்தான். கிடைத்தது.

16 மார்ச், செவ்வாய்

லேப் முடிந்ததும் மிஸஸ் டோரன் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். என் நோட்டைத் திறந்து வைத்தார். போன வாரம் செய்த வினிகர் சோதனை. வினிகர் நிறம் மாறும்வரை பியூரெட்டிலிருந்து எத்தனை மில்லி காரம் விட்டோம் என்று மூன்று முறை செய்து மூன்று அளவையும் எழுத வேண்டும். நான் எழுதியிருந்தது 24.6, 24.6, 24.6. அதற்கு முந்தின சோதனையைத் திருப்பினார். அங்கேயும் மூன்றும் ஒன்று. அதற்கு முந்தினதிலும் அப்படியே. பாராட்டப் போகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே!

இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் எல்லாச் சோதனையிலும் இப்படி வந்ததில்லை, இவை உண்மையிலேயே எடுத்த அளவுகளா என்று கேட்டார்.

எடுத்ததுதான், மூன்று முறையும் செய்தேன், பக்கத்து மேசையில் கேளுங்கள் என்றேன். எடுத்தவுடன் எழுதியது எங்கே என்றார். பேப்பர் டவலில் எழுதினேன், குப்பையில் போட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். டேட்டாவை இட்டுக்கட்டியதாகத்தான் இதை நான் எடுத்துக்கொள்ள முடியும், டீனுக்கு எழுதியாக வேண்டும் என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதில் பேசியிருப்பேன்.

விடை சரி! அந்த வினிகரில் எவ்வளவு ஆசிட் என்று நான் எழுதினது அவங்க கையில் இருக்கிற கணக்கோட அச்சு அசலா ஒத்துப்போகுது. சரியா எழுதினவளைப் பிடிச்சுத் திருடின்னு சொல்லுவாங்களா? எங்க அப்பா சர்ச்ல உபதேசியார். எங்க வீட்ல விளையாட்டுக்குக்கூட யாரும் பொய் சொன்னது கிடையாது. எனக்கு ஒண்ணுமே புரியல.

காரை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. ரெபெக்காவைக் கிண்டர்கார்டனிலிருந்து கூட்டி வரும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஆர் யூ இன் ட்ரபிள், அம்மா?" என்று கேட்டாள்.

17 மார்ச்

அத்தான் கல்லூரி விதிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தார். டீன் முன்னால் விசாரணை. குற்றம் என்று முடிவானால் ஃபெயில். அது மட்டுமில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதுண்டா என்று மெடிக்கல் காலேஜ் மனு ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கிறதாம். ஆமாம் என்று எழுதினால் மனுவை யார் மேற்கொண்டு படிப்பார்கள்?

கீழ்வீட்டு ஸ்வர்ணா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, வாய்க்குப் பயப்படாதவள். "இண்டியன்ஸ்னாலே காப்பி அடிக்கறவங்கன்னு ஒரு நெனப்புங்க இவங்களுக்கு. விடாதீங்க. நீங்களும் திருப்பி ஒரு கம்ப்ளெயின்ட் ஃபைல் பண்ணுங்க" என்றாள். கேட்க ஆறுதலாக இருந்தது. மனதுக்குள் கம்ப்ளெயின்டின் முதல் பத்தியையே எழுதி முடித்துவிட்டேன்.

20 மார்ச், சனி

பாத்திரம் கழுவிவிட்டுக் கை துடைக்கப் பேப்பர் டவலைக் கிழித்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

24.9.

இரண்டாவது முறை வந்தது 24.9. பியூரெட் குழாய் கொஞ்சம் இறுகலாக இருந்தது, சட்டென்று திறந்துகொண்டது, சில சொட்டு கூடிப்போனது. இளஞ்சிவப்பாக நிற்க வேண்டியது பீட்ரூட் தண்ணீர் மாதிரி ஆனது. பேப்பர் டவலில் 24.9 என்று எழுதினேன். அந்த ஈரத் தாளில் மை ஊறிப் பரவியதுகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் நோட்டில் 24.6 என்று எழுதினேன்.

யோசித்து எழுதவில்லை. ஏமாற்ற நினைக்கவில்லை. கை எழுதிவிட்டது.

ஊரில் எங்கள் அட்டவணையில் கடைசிக் கட்டத்துக்குப் பெயரே கன்கார்டன்ட் வேல்யூ. ஒன்றுபோல் வந்த அளவு. ஒன்றுபோல் வராவிட்டால் வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு நேரமும் இருக்காது, ஆசிடும் மிச்சமிருக்காது. அதனால் எல்லோரும் டேலி பண்ணுவோம், ஒன்றுபோல் வந்ததாக எழுதிவிடுவோம். நானும் பண்ணினேன், யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கினவளும் பண்ணினாள், வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்தவளும் பண்ணினாள். சார்மாருக்கும் தெரியும். பொய் என்று ஒருவரும் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள்.

அப்படின்னா அந்த அம்மா சொன்னது உண்மையா? நாலு நாளா நான் யார்மேல கோபப்பட்டுக்கிட்டு இருந்தேன்?

21 மார்ச், ஞாயிறு

ஆராதனையில் பாட்டுக்கு வாய் திறக்கவில்லை.

2 ஏப்ரல், புனித வெள்ளி

ஆராதனை முடிந்து வரும் வழியில், ஃப்ரீவேயில், அத்தானிடம் சொல்லிவிட்டேன். ரெபெக்கா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் சிரித்தார். "இதுக்கா ரெண்டு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பாயின்ட் மூணு. இதைப் போய் ஒருத்தன் பொய்ன்னு சொல்லுவானா?"

"செவ்வாய்க்கிழமை விசாரணையில சொல்லிரலாம்னு இருக்கேன் அத்தான்."

சிரிப்பு நின்றது. "என்னட்டி, கிறுக்கா உனக்கு? பேப்பர் குப்பைல போயிட்டு. பாத்த ஆளு ஒருத்தரும் கிடையாது. விடையும் சரியா இருக்கு. மூணு தரமும் அதான் வந்துச்சுன்னு சொன்னா அவங்களால ஒண்ணும் ப்ரூவ் பண்ண முடியாது. நீ வாயைத் திறந்தா நீயே ப்ரூவ் பண்ணிக் குடுத்த மாதிரி. அப்புறம் டாக்டரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் பயம்.

5 ஏப்ரல்

சொல்வேன். மாட்டேன். சொல்வேன். பத்து வயதிலிருந்து டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

6 ஏப்ரல், செவ்வாய்

நீள மேசை. டீன், இன்னொரு பேராசிரியர், மிஸஸ் டோரன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். என்ன நடந்ததென்று என் வார்த்தைகளிலேயே சொல்லச் சொன்னார் டீன்.

மூன்று முறையும் செய்தேன் என்று ஆரம்பித்தேன். அது உண்மைதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூன்று பேரும் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் என் குரல் எனக்கே கேட்டது: ஆனால் இரண்டாவது அளவு 24.9, அதை 24.6 என்று எழுதினேன்.

தாள் சத்தம் நின்றுவிட்டது. மிஸஸ் டோரன் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது. அடி வாங்கினது அவர்தான் போல இருந்தது. மற்ற சோதனைகளில் எப்படி என்றார் டீன். எவையெவை என்று நினைவில்லை, எல்லாவற்றிலும் செய்திருப்பேன் என்றேன். ஏன் என்று கேட்டார். டேலி என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? அது இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனால் அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி என்றேன். சொல்லும்போதே சாக்குப் போலத்தான் கேட்டது.

வாசலில் அத்தான் கார் நின்றது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். வண்டியைக் கிளப்பினார்.

12 ஏப்ரல்

கல்லூரியிலிருந்து பதில். கெமிஸ்ட்ரியில் ஃபெயில். நடவடிக்கை பதிவில் இருக்கும். இலையுதிர்காலத்தில் அதே பாடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நின்றபடியே படித்தேன். உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நானாகவே வாயைத் திறந்து நானாகவே கெடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் உண்மை சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

14 ஏப்ரல்

அத்தான் இன்றுதான் பேசினார். "ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் தேதி குழம்பாம இருக்கான்னு ஆபீஸ்ல ஒய்டுகே டெஸ்ட் ரிசல்ட் எழுதுதோம்ல. இன்னிக்கு ஒரு கட்டத்துல ஓட்டிப் பாக்காமலே பாஸ்னு போடப் போனேன்..." என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

19 ஜூன்

நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சி முடிந்தது. இலையுதிர்காலம் வரை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சேர்ந்தது. இனி சனி, ஞாயிறு முதியோரைப் பராமரிக்கும் ஒரு நர்சிங் ஹோமில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்ட வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், பி.பி. பார்க்க வேண்டும். "அந்தக் கேள்விக்கு ஆமாம்னு எழுதுதவ, மனுப் போட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார் அத்தான். கேலி இல்லை, கவலை. தெரியாது என்றேன்.

21 ஆகஸ்ட், சனி

இதை எப்படி எழுதுவது?

காலையில் மிஸ்டர் ஆல்வரெஸுக்கு பி.பி. பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எப்போதும் என் பெயரைப் பாட்டு மாதிரி இழுத்துக் கூப்பிடுவார். இன்று கூப்பிடவில்லை. அசதியாக இருக்கிறது என்றார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். ஊசி இறங்குகிறது, இறங்குகிறது, சத்தமே கேட்கவில்லை. 86க்கு வந்துதான் கேட்டது. கீழே 50.

நான்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கட்டில் காலில் தொங்கும் அட்டையைப் பார்த்தேன். நேற்றுக் காலை 120/80. நேற்று மதியம் 120/80. மாலை 120/80. இரவு 120/80.

மறுகையில் சுற்றிப் பார்த்தேன். 84, கீழே அதே 50. பேனாவைத் திறந்தேன். என் கை என்ன செய்யப் பார்த்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்று என்ற இலக்கத்தின் கோட்டைப் போட்டுவிட்டது. 120இன் முதல் கோடு. இந்த ஏப்ரலுக்கு அப்புறமும்.

அதன்மேல் ஒரு கோடு அடித்தேன். பக்கத்தில் 84/50 என்று எழுதிவிட்டு நர்ஸ் லூர்தெஸைக் கூப்பிட ஓடினேன். அந்த ஃபிலிப்பினோ அம்மா அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. போர்வையை விலக்கி வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, நேற்றிலிருந்தாவது இருக்கும் என்றார்கள்.

லூர்தெஸ் திரும்பி வந்து அந்த அட்டையைக் கழற்றினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். நாலு கட்டம், அப்புறம் என் கிறுக்கல். "நேற்று இங்கே யார் வேலை?" என்று மட்டும் கேட்டார்.

22 ஆகஸ்ட்

மிஸ்டர் ஆல்வரெஸ் பிழைத்துக்கொண்டார்.

அந்த நாலு கட்டத்தை எழுதினவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். நேரமில்லாமல், முந்தின கட்டத்தைப் பார்த்து, ஒன்றுபோல் இருக்கட்டும் என்று எழுதியிருப்பார்கள். எழுதும்போது அவர்கள் கை எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

5 அக்டோபர், செவ்வாய்

அதே லேப், அதே வினிகர், அதே மிஸஸ் டோரன். பெயர் கூப்பிடும்போது என் பெயரில் ஒரு கணம் நின்றார். அவ்வளவுதான்.

முதல் அளவு 23.92. இரண்டாவது 23.87. மூன்றாவதில் குழாய் மறுபடியும் சட்டென்று திறந்துகொண்டது. 24.40. நோட்டில் மையால் எழுதினேன். அது பக்கத்தையே கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மிஸஸ் டோரன் வந்து குனிந்து பார்த்தார். இங்கே என்ன ஆயிற்று என்று கேட்டார். குழாய் நழுவிவிட்டது, அளவு கூடிவிட்டது என்றேன். அதையே பக்கத்தில் எழுதி வை என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அடுப்படியிலிருந்தே கேட்டார்: "இன்னிக்கு டேலி ஆச்சா?"

"ஆகலை அத்தான்."

"சரி. கையைக் கழுவிட்டு வா, தோசை ஆறுது."