ஊசி ஓட்டை வழியே எதிர் வீட்டு மாடி

குளியலறைக்கு டைல்ஸ் போட இன்று ஆள் வந்திருந்தார். பரணில் இருந்ததை எல்லாம் இறக்கிக்கொண்டிருந்தேன். பழைய வாளிக்குப் பின்னால் இருந்த பழுப்பு பாட்டில் ஒன்று சரிந்து, மூடி கழன்று, தரையெல்லாம் கொட்டிவிட்டது. அடுத்த நொடி வீடு முழுக்க அந்தப் புளித்த வாடை. டைல்ஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“இன்னாக்கா இது, ஆசிடா?”

“ஆசிட் இல்லப்பா. போட்டோ கழுவுற மருந்து. என் நாத்தனாரோடது.”

“ஸ்டுடியோ வெச்சினு இருந்தாங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். நீ வைத்திருந்ததை அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பிஸ்கட் டின், பால் பவுடர் டின், செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி ஓட்டை. லென்ஸ் கிடையாது, அமுக்க பட்டன் கிடையாது. உன் கேமரா அவ்வளவுதான். அவர் சாப்பிடப் போன நேரத்தில் தரையைப் பினாயில் விட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, மீந்துபோன பழைய ஃபிலிம் பெட்டிகளைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நீ கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று உன் அண்ணன் கேட்டார். “இத்தினி வருசமா ஊரு எலும்பப் படம் புட்ச்சேன். இனிமே ஊரப் புடிக்கிறேன்” என்றாய். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மந்தைவெளியில் நாம் குடியிருக்கும் இந்த வீட்டில் இரண்டு அறை, ஒரு குளியலறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அந்தக் குளியலறை உன்னுடையது. சிவப்பு பல்பு, மூன்று பிளாஸ்டிக் தட்டு, கதவிடுக்கில் என் பழைய புடவை. மீன் சந்தைக்கு ஐஸ் வண்டி ஓட்டிவிட்டு மீன் நாற்றத்தோடு வந்து நிற்கும் உன் அண்ணன், தோளில் துண்டோடு வெளியே காத்துக்கிடப்பார். “தொறந்த, படம் செத்துரும்!” என்று உள்ளேயிருந்து கத்துவாய். “நான் குளிக்காம செத்துருவேன்” என்று அவர் பதிலுக்குக் கத்துவார்.

எனக்கும் உனக்கும் வந்த சண்டையெல்லாம் ஊசிக்காகத்தான். குளிர்பானக் கேனை வெட்டித் தகடு எடுத்துக்கொள்வாய். அதில் ஓட்டை போட என் தையல் பெட்டியில் இருந்து மெல்லிய ஊசியாகப் பார்த்து எடுத்துப்போவாய். தி. நகர்க் கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற எனக்கு அது பிழைப்பு. மொன்னையாகித் திரும்பி வந்த ஊசிகளை உன் முன்னால் கொட்டிக் கத்தியிருக்கிறேன். நீ கோபப்பட்டதே இல்லை. ஈர ஃபிலிமைக் காட்டி, “இங்க பாரு அண்ணி, இப்பதான் சுவரு தெரியுது” என்பாய்.

முதலில் எதுவும் சரியாக வரவில்லை. ஃபிலிம் மொத்தமும் கறுத்துப்போகும். டின் மூடி வழியாக வெளிச்சம் புகுந்துவிட்டது என்று கறுப்பு டேப்பை இன்னும் இரண்டு சுற்று சுற்றுவாய். பெரிய ஓட்டை போட்டால் நிறைய வெளிச்சம் வரும், படமும் நன்றாக வரும் என்று நினைத்தாய். மோரில் கரைத்த மாதிரி வந்தது. சிறிதாக்கினாய், தெளிந்தது. இன்னும் சிறிதாக்கினாய், மறுபடி மங்கியது. “பெருசா போனாலும் கெடுது, ரொம்பச் சிறுசா போனாலும் கெடுது. நடுவுல ஒரு எடம் கீது அண்ணி” என்று வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பு அளவு சொல்வதுபோல விரல் நுனியில் காட்டுவாய்.

பட்டினப்பாக்கத்து மீன்கடையை எடுத்தாயே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சாயங்காலம், வெளிச்சம் இறங்கிவிட்டது. உன் பெரியம்மா மகள் கடையின் எதிரில் பால் பவுடர் டின்னை ஒரு செங்கல்மேல் வைத்து, ஓட்டையை மூடியிருந்த டேப்பைப் பிய்த்துவிட்டு, படம் பதியும் வரை நெடுநேரம் கைகட்டி நின்றாய். அக்கா பவுடர் பூசி, பூ வைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் வியாபாரம் நிற்குமா? எடை போட்டார், செதில் சுரண்டினார், ஈ ஓட்டினார், எழுந்து போய் யாரையோ திட்டிவிட்டு வந்தார். கழுவிய ஃபிலிமை செல்போனில் பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கி அவரிடம் காட்டினாய். பலகை இருந்தது, தராசு இருந்தது, வரிசையாக வஞ்சிரமும் சங்கராவும் இருந்தன. அக்கா இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ.

“இன்னாடி இது? மீனு வந்துகீது, நான் எங்கடி?”

“மீனு ஆடாம இருந்துச்சுக்கா. நீதான் ஆடிக்கினே இருந்த.”

“அப்ப செத்தாத்தான் உன் படத்துல வருவனா?”

கடற்கரையே சிரித்தது. அடுத்த வாரம் அவர் வியாபாரத்தை மகளிடம் விட்டுவிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்து உன்னிடம் படம் வாங்கிக்கொண்டார்.

நான் அப்போது சிரித்தேனே தவிர, செல்போனில் இருந்த அந்தப் படம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அக்கா கேட்டதை வைத்துத்தான் சிரித்தேன்.

அதற்கு ஒரு வருடம் முன்பே கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோக்க வெயிலுக்குப் போக வேண்டும். கொக்கி தைப்பதை அடுத்த தெருப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். கறுப்புத் துணி வந்தால் கை நிறைய வேலை இருக்கிறது என்று திருப்பி அனுப்புவேன். பஸ் நம்பர் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, கவனிக்காமலே விட்டு, கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். அவர் மகளுக்கும் அதுதான் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். டாக்டர் அதை வாயால் சொல்லிவிடுவார் என்கிற பயத்திலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் நீ ஒரு தகட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். “உன் கைதான் நேராப் போவும். நீயே ஒண்ணு குத்திக் குடு அண்ணி” என்றாய். மறுத்தால் ஏன் என்று கேட்பாய் என வாங்கிக்கொண்டேன். பழைய துணிமேல் தகட்டை வைத்து, பார்வையைவிட விரலை நம்பி, ஊசியை மெதுவாகத் திருகி இறக்கினேன். பின்பக்கம் எழும்பிய பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட்டாய். ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னாய். அடுப்படி ஜன்னலோரம் போய்த் தகட்டைக் கண்ணோடு ஒட்டிவைத்தேன்.

எதிர் வீட்டு மாடி தெரிந்தது.

மாடி என்றால் மாடி மட்டும் இல்லை. கொடியில் காய்ந்த சட்டையின் கட்டம், தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எழுத்து, கேபிள் ஒயரில் உட்கார்ந்திருந்த காக்கையின் கால் நகம். கொஞ்சம் இருட்டாக, ஆனால் வெட்டிவைத்ததுபோல. தகட்டை எடுத்தேன், எல்லாம் கலைந்தது. மறுபடி வைத்தேன், எல்லாம் வந்தது. எடுப்பதும் வைப்பதுமாக எவ்வளவு நேரம் நின்றேனோ, நீ வந்து என் தோளைத் திருப்பியபோது முகமெல்லாம் ஈரம்.

“இன்னா அண்ணி? குத்திக்கினியா?”

“இதுல தெரியுதுடி.”

“இன்னா தெரியுது?”

“எல்லாம். வெறுங்கண்ணுக்குத் தெரியல. இதுல தெரியுது.”

நீ ஒரு கண்ணை மூடச் சொல்லி, அடுத்த கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னாய். அப்பாவைப் பற்றிச் சொன்னேன், ஒரு வருடமாக மறைத்ததைச் சொன்னேன். நீ திட்டவில்லை. பொய்யாகத் தைரியமும் சொல்லவில்லை.

“ஓட்ட வழியாத் தெரிஞ்சா, கண்ணாடில சரியாவுற மாரி கோளாறா இருக்கலாம். நல்ல சேதிதான். ஆனா உங்கப்பாவுக்கு இருந்த கண்ணு பிரஷரு வேற. அத மிஷின்ல பாத்தாத்தான் தெரியும். நாளைக்குப் போறோம்.”

“பயமாக்கீதுடி.”

“எனக்கும்தான். ரெண்டு பேருமா போய் பயப்படலாம், வா.”

உன் அண்ணனிடம் லைனிங் துணி எடுக்க தி. நகர் போகிறோம் என்றேன். மயிலாப்பூர் கண் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தோம். கரண்டி மாதிரி ஒரு கறுப்புத் தகட்டை அங்கே கண் சோதிக்கிற பெண் என் கண்முன் பிடித்தாள். அதில் பொடிப்பொடியாக ஓட்டைகள். அதன் வழியே கீழ்வரிசை எழுத்து வரை கடகடவென்று வாசித்தேன். நான் உன்னைப் பார்த்தேன். நீ பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். பிறகு கண்ணுக்குள் புஸ்ஸென்று காற்றை ஊதும் மிஷின். பிறகு சொட்டு மருந்து. பிறகு டாக்டர் விளக்கை வைத்துக்கொண்டு பார்த்த அந்த நேரம். என் மணிக்கட்டை நீ பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

“பிரஷர் நார்மல்மா. நரம்பும் நல்லா இருக்கு” என்றார் டாக்டர். “புரை லேசா ஆரம்பிச்சிருக்கு, அதனால பவர் மாறிடுச்சு. இப்போதைக்குக் கண்ணாடி போதும். அப்பாவுக்கு இருந்ததால வருஷா வருஷம் வந்து காட்டிடுங்க.”

நான் அவர் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வெளியே வந்ததும், மருந்து விட்ட கண்ணில் வெயில் வெள்ளை வெளேரென்று அடிக்க, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்தாய். போகிறவர்கள் பார்த்தார்கள். நாம் இரண்டு பேரும் காரணம் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். புதுக் கண்ணாடி வந்த அன்று கறுப்பு ஜாக்கெட்டுக்குக் கறுப்பு நூலால் கொக்கி தைத்தேன். அதற்குப் பிறகு நீ கேட்கிற தகட்டுக்கெல்லாம் நான்தான் ஓட்டை போட்டேன்.

ஒவ்வொரு வருடமும் நீதான் என்னை அழைத்துப்போனாய். உன் அண்ணனிடம் லைனிங் துணிக் கதைதான் சொன்னோம். தெரிந்தால் தைக்கவே விடமாட்டார் என்று எனக்குப் பயம்.

போன மழைக்காலத்தில் மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. நான் உன் பக்கத்திலேயே இருந்தேன், உனக்கு வலிக்கவில்லை. அது போதும்.

இந்த வருடம் கண் காட்டும் நாள் போன வாரம் வந்தது. தனியாகவே போனேன். காற்று ஊதினார்கள், மருந்து விட்டார்கள், பார்த்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் ஒரு பஸ் நம்பரும் தெரியவில்லை. வருடா வருடம் நீ கையைப் பிடித்து நடத்தியதால் இதை யோசிக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் உன் அண்ணனுக்கு போன் செய்தேன். ஐஸ் வண்டியோடு வந்தார். ஏறி உட்கார்ந்ததும், இனி மறைத்து ஆகப்போவது என்ன என்று, அப்பா கதையில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே, “தெரியும்” என்றார்.

“இன்னா தெரியும்?”

“அன்னிக்கே சொல்ட்டா அவ. நீயா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு தலைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினா. வருசா வருசம் டாக்டரு பாத்து முடிச்ச ஒடனே போன் பண்ணுவா. நார்மல்னு ஒரே வார்த்த. கட் பண்ணிருவா.”

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“இந்த வருசம் எப்பப் போவன்னு தெரியல. கேக்கவும் முடியல. இப்ப போன்ல உன் குரலு கேட்டதும் பாதி ஐஸ எறக்காமலே வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன், தெரியுமா?” என்றவர், சாந்தோம் பக்கம் திரும்பும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்காமல் காத்திருந்தார்.

வருடா வருடம் மருந்துக் கடைக்குப் போய்வருகிறேன் என்று நீ என்னை உட்காரவைத்துவிட்டு எழுந்து போவாயே, அது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. உன்மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் நான் மட்டும் சுமந்ததாக நினைத்ததை மூன்று பேராகச் சுமந்திருக்கிறோம் என்று மனசு லேசாகிவிட்டது.

“நார்மல்” என்றேன்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு பசிக்கிறது என்றார். இனி வருடா வருடம் அந்த வார்த்தையை அவரிடம் சொல்லும் வேலை என்னுடையது.