ஒன்பதாம் நம்பர்ச் செருப்பு

இஞ்சருங்கோ,

நல்ல நித்திரை எண்டு எழுப்பேல்லை. நானும் தங்கச்சி வதனியும் பிளேன் ஏறப் பலாலிக்கு வெளிக்கிட்டிட்டம். பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மேசையிலை மூடிக் கிடக்கு. கேற்றுப் பூட்டின்ரை திறப்பு ஆணியிலை தொங்குது.

பின்னேரம் மாப்பிள்ளையின்ரை தகப்பன் வருவார். "ஊரிலை இவ்வளவு கடை இருக்கேக்கை ஒரு சீலைக்கு இந்தியாவுக்குப் பிளேனோ? நான் கடைப்பக்கம் போறனானோ?" எண்டு நேற்று எனக்கு வச்ச பிரசங்கத்தை அவருக்கும் வையாதையுங்கோ. கலியாணக் கூறைச் சீலையை இந்தியாவிலை எடுக்கச் சொன்னதே அவர்தான்.

ஆனால் நீங்கள் சொன்னது குத்தினதுதான். அலுமாரியைத் திறந்து பாத்தன். ஒருக்காலும் உடுக்காத சீலை பதினொண்டு கிடக்கு. அதாலை பெரிய சூட்கேசை வீட்டிலை விட்டிட்டன். பிள்ளைக்குக் கூறை மட்டும்தான் வாங்குவன்.

கலா

பி.கு: எனக்குத் தெரியாமல் நீங்கள் வதனியிட்டை எழுதிக் குடுத்த துண்டை அவள் காட்டிப்போட்டாள். "தோல் செருப்பு, ஒன்பதாம் நம்பர்." சரி, வாங்கிக்கொண்டு வாறன். நீங்கள் கடைப்பக்கம் போறேல்லை எண்டது உண்மைதான். இருபத்தாறு வருசமாய் நான்தானே உங்களுக்குச் செருப்பு வாங்கிறன். உங்கடை கால் எட்டாம் நம்பரப்பா!