தட்டின் அடியில் காந்தம்

இன்று காலையிலிருந்து என் கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நீ இருந்திருந்தால், "எலுமிச்சம்பழத் தோல வச்சித் தேய்மே, போய்டும்" என்று உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்திருப்பாய். தேய்த்தேன், அப்படியும் போகவில்லை. நீ சொன்ன வைத்தியம் ஒன்றாவது பலித்திருக்கிறதா?

நாலு பேர் முன்னால் உன்னை வாங்க, போங்க என்பேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் 'மாமா'தான், 'நீ'தான். இதையும் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அதனால் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

உன் வண்டியைப் பழவேற்காட்டு பாய்க்குக் கொடுத்துவிட்டேன். சோழவரத்தில் சவுடு மண் எடுத்த பள்ளத்தில் உன்னோடு சேர்ந்து புழுதி கிளப்பிய அதே பாய். நீ போனதிலிருந்து வண்டி மாடிப்படிக்கு அடியில் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. நேற்று அவர் போன் செய்தார். "தங்கச்சி, ஏர் பில்ட்டர மட்டும் ஒரு தபா கழட்டிப் பாரு. எலி கடிச்சி வச்சிருக்கப் போவுது. காலைல நாஷ்டா முடிச்சிக்கினு வரேன்" என்றார். எலி எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்தப் பில்ட்டரைக் கழற்றத்தான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கல்யாணமாகிக் கவரைப்பேட்டையில் குடிவைத்தபோது உன் சொத்து அந்த ஒரு வண்டிதான். இரும்புக் கடையில் கிடந்த டூ-ஸ்ட்ரோக்கை எடுத்து வந்து, மட்கார்டை மேலே தூக்கி, பட்டன் டயர் போட்டு, சைலன்சரை வளைத்து, நீயும் பாயும் சேர்ந்து பந்தய வண்டியாக்கினீர்கள். பந்தயத்தில் ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. விழுந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோடையில் ஞாயிறு தவறாமல் பள்ளத்துக்குப் போவாய். மதியம் தலை முதல் கால் வரை செங்கல் நிறத்தில் வந்து நிற்பாய். குளிக்கப் போவாய் என்று பார்த்தால், முதலில் குளிப்பது பில்ட்டர்.

கஞ்சி வடிக்க வைத்திருந்த என் அலுமினியத் தட்டு அதற்குப் போனதில் நமக்குள் முதல் சண்டை. வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற ஸ்பாஞ்சை எடுப்பாய். காற்று போகிற வாயில் துணியைச் செருகுவாய். தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கி விடுவாய். அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் நிழல். காய்ந்ததும் பாலித்தீன் பையில் போட்டு ஆயில் விட்டுப் பிசைய வேண்டும், மிச்ச ஆயிலை அமுக்கி எடுக்க வேண்டும். பாலித்தீன் பை என் யோசனை. அதற்கு முன்னால் வாசற்படி, கதவு, கிளாஸ் எல்லாவற்றிலும் உன் ஆயில் கைதான். முதல்முறை நான் கழுவிக் கொடுக்கிறேன் என்று துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கியபோது நீ பதறிப்போனாய்.

"முறுக்காதமே! அமுக்கு. முறுக்குனா கிழிஞ்சிடும்."

"எனக்கு முதுகு வலின்னப்போ இப்டிப் பதறுனியா?"

"நீ முதுகுவலின்னு வாய வுட்டு சொல்லுவ. அது சொல்லாதே."

அப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டியில் சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா என்று குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். "சம்பளம் இல்லாமயே ஊட்லயும் ஓவர்டைம் பாக்குற" என்பாய். அங்கே ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த மெஷினை நிறுத்திவிடுவார்கள். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒட்டவைத்து, முழு ஊசியாகக் காட்ட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் மெஷின் ஓடாது. எங்கேயோ ஒரு நாட்டில் சட்டை போடுகிற குழந்தையின் கழுத்தில் அது குத்திவிடக் கூடாது. தேடுவதற்கு எங்கள் கையில் ஒரு காந்தம் இருக்கும். புதுசு கொடுத்தபோது பழசை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், விழுந்த குண்டூசி பொறுக்க உதவுமே என்று.

உனக்கு வார்ப்பு இரும்புக் கம்பெனியில் கிரைண்டிங். அச்சிலிருந்து வந்த இரும்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்வாய், அதையும் டீ குடிக்க இறக்கினால் மறுபடி ஏற்ற மாட்டாய். இருமல் வந்தது. "தூசி மே, தூங்கி எழுந்தா சரியாப் பூடும்" என்றாய். மறுபடி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் கோபம் வரும் உனக்கு. அந்த ஷெட்டில் உன் அளவுக்கு வேலை சுத்தம் யாருக்கும் இல்லை என்று ஊரே சொல்லும்போது, அதை விட்டு வா என்று நான் எந்த வாயால் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் நீ வேலைக்குப் போகிற சைக்கிள் காணாமல் போனது. ரேஸ் வண்டியிலேயே கம்பெனிக்குப் போனாய். சைக்கிளுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்துவிடுமோ என்று, வாட்ச்மேன் கையில் காலில் விழுந்து ஷெட்டுக்குள்ளேயே கொண்டுபோய் உன் மெஷின் பக்கத்தில் நிறுத்தினாய். உன் கண்ணை விட்டு அது மறையக் கூடாது. என் சித்தப்பா சாவுக்கு வந்தபோதும் பந்தலுக்குள்ளே கொண்டுவந்து நிறுத்தியவன் நீ. பிணத்துக்குப் பக்கத்தில் வண்டியா என்று என் சித்தி அந்த அழுகையிலும் கேட்டாள்.

ஒரு மாதம் பள்ளத்துக்கே போகாமல், கம்பெனிக்கு மட்டும் ஓட்டிய வண்டியின் பில்ட்டரை ஒரு ஞாயிறு கழற்றினாய். கழுவிய மண்ணெண்ணெய் சிவக்கவில்லை, கறுத்தது. "இன்னாமே இது, தார் ரோட்டுல ஓட்டுனதுக்கா இம்மாம் அழுக்கு?" என்று நீ ஸ்பாஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எனக்கு என் வேலைப் புத்தி. காந்தத்தை எடுத்துவந்து தட்டின் அடியில் வைத்தேன். அடியில் படிந்திருந்த கறுப்பு எழுந்து நின்றது. காந்தத்தை நகர்த்தினேன், அதுவும் கூடவே நகர்ந்தது.

நீ என் கையிலிருந்து காந்தத்தை வாங்கி நீயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாய்.

"இதுக்காவது பில்ட்டர் கீது" என்றாய் கடைசியில். "எனக்கு இன்னா கீது?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு நீயாகக் கிளம்பினாய். எக்ஸ்ரே எடுத்து, ஊதச் சொல்லி, அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட் என்று இழுத்தார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பா அப்போது என் வயிற்றில். டாக்டரம்மா பிலிமை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். "நுரையீரல் இன்னும் கெடல. ஆனா நீங்க இதே வேலைல இருந்தீங்கன்னா அடுத்த தடவை நான் இப்படிச் சொல்ல முடியாது" என்றார்கள். வெளியே வந்து ஓட்டலில் ஆளுக்கு ரெண்டு பரோட்டா சாப்பிட்டோம். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். பரிமாறியவர் குருமா காரமோ என்று நினைத்துச் சர்க்கரை கொண்டுவந்து வைத்தார். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கிரைண்டிங்கை விட்டாய். காக்களூரில் அட்டைப்பெட்டி செய்கிற இடத்தில் சரக்கு அனுப்புகிற வேலை கிடைத்தது, நாமும் அங்கேயே குடி வந்தோம். இருமல் நின்றது. ஆனாலும் நான் விடவில்லை. ஒவ்வொரு முறை பில்ட்டர் கழுவும்போதும் தட்டின் அடியில் காந்தத்தை ஒரு சுற்று சுற்றுவேன். "வந்துட்டாங்கப்பா செக்கிங்" என்று நீ கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். சவுடு மண்ணில் ரெண்டு மூன்று கறுப்புப் பொட்டு எப்போதும் நகரும். முதல்முறை நான் பயந்தபோது, பள்ளத்து மண்ணையே ஒரு பிடி அள்ளி வந்து தட்டில் போட்டுக் காட்டினாய். அது மண்ணோடு பிறந்தது, கம்பெனி இரும்பு இல்லை. நிம்மதியாக இருந்தேன், மாமா. அந்த வருஷங்கள் எனக்கு நிம்மதியான வருஷங்கள்.

கடைசி வருஷம்தான் கெடுத்தது. பாப்பாவை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தோம். பொங்கல் முடிந்ததும் உன் பழைய கம்பெனி காண்ட்ராக்டர் வீடு தேடி வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து கிரைண்டிங் செய்துகொடு, வேலை சுத்தமான ஆள் கிடைக்கவில்லை என்று கெஞ்சினார். நீ சிரித்து மழுப்பி அனுப்பினாய். அதன் பிறகு ஞாயிறுதோறும் வண்டியில் தனியாகக் கிளம்பினாய். "பள்ளத்துக்கா?" என்றால், "வேற எங்க?" என்பாய். பாப்பாவுக்கு டியூஷன் இருந்ததால் நான் கூட வர முடியவில்லை, பாயும் அப்போது ஊரில் இல்லை. திரும்பி வரும்போது நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. படியேறினால் நின்று மூச்சு வாங்கினாய். ஒருநாள் இருமினாய். அதைவிட, பில்ட்டரைக் கழுவாமல் தூங்காத ஆள், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மே" என்று தள்ளிப்போட ஆரம்பித்தாய். நான் காந்தம் வைக்கக் கூடாது என்றுதான் தள்ளிப்போடுகிறாய் என்று நினைத்தேன்.

ஒரே ஒருமுறை கேட்டேன். "அங்க போவுறியா மாமா?"

"போவலமே" என்றாய். சத்தியம் எதுவும் பண்ணவில்லை, கோபமும் படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு காலை, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள், வெகுநாளாகவே அடைப்பு இருந்திருக்கும் என்றார்கள். நுரையீரல் இல்லை என்று நான் கேட்காமலேயே சொன்னார்கள். என் மனசு கேட்கவில்லை. எங்களுக்காக, என்னிடம் சொல்லாமல், மறுபடியும் அந்தத் தூசியில் போய் நின்றாயோ? இரும்பைத் தின்று தின்று எங்களுக்குச் சோறு போட்டாயோ? தட்டில் போட்ட சோற்றைப் பாதியிலேயே தள்ளிவைத்தேன். பதில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. போகிக்கு முந்தைய நாள் நாம் இருவரும் கழுவினதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்தப் பில்ட்டரில் சேர்ந்தது முழுக்க நீ தனியாகப் போன ஞாயிற்றுக்கிழமைகளின் தூசி. நீ எங்கே நின்றாயோ அங்கேதான் வண்டியும் நின்றிருக்கும். பெட்ஷீட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும். நான் தூக்கவில்லை.

இன்று பாய் வருவதாகச் சொல்லிவிட்டார், வேறு வழி இல்லை. பாப்பா பள்ளிக்கூடம் போனதும் மூடியைத் திறந்தேன். எலி கடிக்கவில்லை. ஸ்பாஞ்சு ஆயிலும் தூசியுமாகக் கெட்டியாக இருந்தது. என்ன நிறம் என்று பார்க்க தைரியம் இல்லாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அலுமினியத் தட்டில் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றினேன். முறுக்கவில்லை மாமா, அமுக்கினேன். அடியில் எல்லாம் இறங்கும் வரை காத்திருந்தேன். பிறகு தட்டின் அடியில் காந்தத்தை வைத்தேன். காந்தம் தட்டில் மோதி டக்கென்று சத்தம் கேட்டது.

ரெண்டு பொட்டு நகர்ந்தது. ரெண்டே ரெண்டு. மீதி எல்லாம் படிந்த இடத்திலேயே கிடந்தது, செங்கல் நிறத்தில். தட்டை வெயிலுக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை சுற்றினேன். காந்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றினேன். சவுடு மண், மாமா. சுத்தமான சோழவரத்து மண்.

நீ போகவில்லை. போவலமே என்றாய், போகவில்லை. நகக்கண்ணில் இருந்தது செயின் கிரீஸாகத்தான் இருக்கும். பில்ட்டரைத் தள்ளிப்போட்டது உடம்புக்கு முடியாமல். அதை அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்கலாம், அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நீ கடைசியாக ஓடிய இடம் உனக்குப் பிடித்த இடம். கைக்குட்டை இல்லாமல் சிரித்துக்கொண்டு ஓடியிருப்பாய். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. ராத்திரிச் சோறு இருந்தது, ஊறுகாயோடு எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

பாய் வந்தபோது ஸ்பாஞ்சு நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. அது காயும் வரை உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பாலித்தீன் பையில் போட்டு நானே ஆயில் விட்டுப் பிசைந்தேன். விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டினேன், செருகியிருந்த துணியை மறக்காமல் எடுத்தேன். கிளம்பும்போது, "பாய், கழுவுறப்போ முறுக்காதீங்க" என்றேன்.

"தெரியும்மா. அமுக்கணும். எத்தினி தபா அவராண்ட திட்டு வாங்கிக்கீறேன்" என்று சிரித்தார்.

முதல் உதையிலேயே கிளம்பியது. தெருமுனை திரும்பி மெயின் ரோட்டில் ஏறும் வரை சத்தம் கேட்டது. நன்றாகத்தான் மூச்சு விடுகிறது.

வண்டியைத்தான் கொடுத்தேன், காந்தத்தைக் கொடுக்கவில்லை. அது என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. உடைந்த ஊசியில் ஒரு துணுக்கு கிடைக்காமல் இத்தனை நாளும் என் மெஷின் நின்றுபோயிருந்தது, மாமா. இன்று கிடைத்துவிட்டது. பாப்பா வருகிற நேரம், நான் போய் உலை வைக்கிறேன்.