பிரிக்காத பொட்டலம்

டேய் விஞ்ஞானி,

“ஒரு வாரமா உக்காந்து ரீடிங் எடுத்தேன்மா” என்று நேற்று நெஞ்சை நிமிர்த்தினாயே, அந்த புராஜெக்ட் நோட்டைப் பார்த்தேன். பிளாங்க் மாறிலி புத்தகத்தில் இருப்பதுபோலவே கடைசி இலக்கம்வரை வந்திருக்கிறது. அதை அளக்க வாங்கிய நாலு நிற எல்இடி விளக்குகளோ பிரிக்காத பொட்டலத்திலேயே தூங்குகின்றன. இருபது வருஷமாகக் காலேஜ் லேபில் மீட்டர் எடுத்துக் கொடுப்பவள் காதிலேயே பூ சுற்றுகிறாயா?

பொட்டலத்தைப் பிரித்து, சிவப்பை மட்டும் நான் அளந்தேன். விடை பதினைந்து சதவீதம் பிசகு. நான் வருவதற்குள் மற்ற மூன்று நிறங்களையும் நீயே அள. வருகிற பிசகை அப்படியே எழுது. நாளை அதைத்தான் கொடுக்கிறாய்.

மீட்டர் மேசைமேல். வெளியே போனால் சாவி பக்கத்து வீட்டில்.

அம்மா

பி.கு.: பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். உனக்கு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு.